பெரிய 4கே மானிட்டர் வாங்கினால் கிராபிக்ஸ் கார்டும் வாங்கியே ஆகணுமா? வீடியோ பார்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

"32 இன்ச் மானிட்டரா? அப்போ கிராபிக்ஸ் கார்டு போட்டே ஆகணும்." புது கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஆவடி, அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போகிறவராக இருக்கலாம். பூந்தமல்லியில் வீட்டில் உட்கார்ந்தபடியே ஆன்லைனில் ஆர்டர் போடுகிறவராக இருக்கலாம். கொட்டேஷனில் சேரும் அந்த ஒரு வரி, பில்லை பல ஆயிரம் ரூபாய் ஏற்றிவிடும். ஆனால் சினிமா, கிரிக்கெட், யூடியூப், ஆன்லைன் வகுப்பு பார்க்க மட்டும்தான் கம்ப்யூட்டர் என்றால், அந்தச் செலவு தேவைதானா?

சுருக்கமான பதில்: பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. வீடியோ தெளிவாக, திணறாமல் ஓடுவதை முடிவு செய்வது கார்டின் விலை அல்ல. சிப்புக்குள் இருக்கும் ஒரு சின்ன பகுதி, பின்பக்கம் சொருகும் கேபிள், பிறகு வீடியோவுக்குப் போட்டிருக்கும் டிஜிட்டல் பூட்டு. இந்த மூன்றும்தான் விஷயம்.

இப்போது ஏன் இந்தக் கேள்வி?

மூன்று காரணங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்துவிட்டன.

முதலாவது, வரி. 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவி, மானிட்டர்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. பெரிய திரை கைக்கு எட்டும் விலைக்கு வந்தது.

இரண்டாவது, விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. விண்டோஸ் 11 ஓட வேண்டுமானால் இன்டெல்லில் பொதுவாக 8-ஆம் தலைமுறை சிப்பாவது வேண்டும். அதனால் பழைய கம்ப்யூட்டரை மாற்றும் யோசனை பல வீடுகளில் வந்தது.

மூன்றாவது, மெமரி விலை. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்கள் மொத்தமாகப் போகத் தொடங்கியதால், 2025 கடைசியில் ரேம் விலை உலகம் முழுக்க எகிறியது. மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில், சாதாரண வாடிக்கையாளர்களுக்கான 'க்ரூஷியல்' பிராண்டையே கைவிடுவதாக அறிவித்தது. கிராபிக்ஸ் கார்டுக்குள்ளும் மெமரி சிப்தான் இருக்கிறது. அந்தச் சுமை கார்டு விலையிலும் ஏறும்.

ஆக, திரைக்கு வரி குறைந்த நேரத்தில் கார்டுக்குச் செலவு கூடுகிறது. மானிட்டரில் மிச்சம் பிடித்த காசை, தேவையில்லாத கார்டில் விடுவது நியாயமில்லை.

வீடியோ ஓடும்போது உள்ளே என்ன நடக்கிறது?

ஃபுல் ஹெச்டி என்பது அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள். மொத்தம் சுமார் 20.7 லட்சம். 4கே என்பது 3840-க்கு 2160. சுமார் 83 லட்சம் புள்ளிகள். சரியாக நான்கு மடங்கு.

சினிமா நொடிக்கு 24 படங்களாக ஓடுகிறது. 4கே படத்தைச் சுருக்காமல் அப்படியே அனுப்பினால், நொடிக்கு ஏறக்குறைய 4.8 ஜிகாபிட் வேகம் வேண்டும். ஆனால் 4கே பார்க்க நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைப்பது 15 மெகாபிட்தான். அதாவது படத்தை 300 மடங்குக்கும் மேல் சுருக்கி அனுப்புகிறார்கள். நம் கம்ப்யூட்டர் அதை நொடிக்கு 24 தடவை விரித்துக் காட்ட வேண்டும்.

சுருக்கும் முறைக்குப் பெயர்தான் கோடெக். ஹெச்.264, ஹெச்இவிசி, விபி9, ஏவி1 ஆகியவை இன்று அதிகம் புழங்குபவை. விரிக்கும் வேலையைச் செய்ய இரண்டு வழி உண்டு. ஒன்று, பிராசசரே மூச்சு முட்டச் செய்வது. இன்னொன்று, அதற்கென்றே சிப்புக்குள் செதுக்கப்பட்ட டீகோடர் செய்வது. டீகோடர் இருந்தால் வேலை சத்தமில்லாமல் முடிந்துவிடும். இல்லையென்றால் ஃபேன் கத்தும், லேப்டாப் சூடாகும், வீடியோ விட்டு விட்டு ஓடும்.

இந்த டீகோடர், விளையாட்டுகளுக்கு உதவும் கிராபிக்ஸ் பகுதியிலிருந்து தனியானது. அதனால்தான், கேம் ஆடுவதில் பின்தங்கிய ஒரு சிப், வீடியோ ஓட்டுவதில் முன்னால் நிற்க முடிகிறது.

என்விடியா, ஏஎம்டி, இன்டெல்: யாரிடம் என்ன இருக்கிறது?

தனியாக விற்கும் கிராபிக்ஸ் கார்டு சந்தையில் என்விடியாதான் ராஜா. ஜான் பெடி ரிசர்ச் நிறுவனத்தின் கணக்குப்படி, 2025-இன் நடுப்பகுதியில் 90 சதவீதத்துக்கும் மேல் அதன் கையில் இருந்தது. ஆனால் பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸையும் சேர்த்து எண்ணினால் கதை மாறுகிறது. அப்போது முதலிடம் இன்டெல்லுக்கு. நம்மில் பலர் பெயர் கூடத் தெரியாமல் தினமும் வீடியோ பார்ப்பது இன்டெல் கிராபிக்ஸில்தான்.

வீடியோ டீகோடருக்கு மூன்று கம்பெனியும் மூன்று பெயர் வைத்திருக்கின்றன. என்விடியாவுக்கு என்விடெக், ஏஎம்டிக்கு விசிஎன், இன்டெல்லுக்கு க்விக் சிங்க். இந்தப் போட்டி புதிதல்ல. 2000-களின் நடுவில் என்விடியா 'ப்யூர்வீடியோ' என்றும், ஏடிஐ 'அவிவோ' என்றும் பெயர் வைத்து, ஹெச்டி வீடியோவை யார் நன்றாகக் காட்டுவது என்று மோதின. 2006-இல் ஏடிஐயை ஏஎம்டி வாங்கியது. 2011-இல் இன்டெல் க்விக் சிங்க்கைக் கொண்டுவந்தது. அதன் பிறகு, வீடியோவுக்காகத் தனி கார்டு என்ற தேவை மெல்லத் தேய்ந்துகொண்டே வந்தது.

இன்று கவனிக்க வேண்டியது ஏவி1. யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் இரண்டும் இதைப் பயன்படுத்துகின்றன. 2020-இல் மூன்று கம்பெனிகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஏவி1 டீகோடரைக் கொண்டுவந்தன. என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை, ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 6000 வரிசை, இன்டெல்லில் 11-ஆம் தலைமுறை லேப்டாப் சிப்கள்.

ஆனால் பெயரை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டும் 2022-இல் வந்தவை. அதே 6000 வரிசைதான், ஆனால் ஏவி1 டீகோடர் கிடையாது. லேப்டாப்பிலும் இதே குழப்பம். ரைசன் 5 7530யு, 7535யு இரண்டுக்கும் பெயரில் ஒரே ஒரு எண்தான் வித்தியாசம். முதலாவதில் பழைய வேகா கிராபிக்ஸ், ஏவி1 இல்லை. இரண்டாவதில் புது கிராபிக்ஸ், ஏவி1 உண்டு.

கார்டு போட்டால் நிலைமை மோசமாகுமா?

ஆமாம், சில நேரம் ஆகும். 'பட்ஜெட் கார்டு' என்ற பெயரில் இன்னமும் விற்பனையில் தென்படும் என்விடியா ஜிடி 710-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்படை, 2012-இல் வந்த கெப்ளர் வடிவமைப்பு. ஹெச்இவிசிக்கும் விபி9-க்கும் அதில் டீகோடர் இல்லை. ஹெச்டிஎம்ஐ வழியாக 4கே வரும், ஆனால் நொடிக்கு 30 தடவைதான். மவுஸை நகர்த்தினாலே இழுவை தெரியும். கெப்ளர் கார்டுகளுக்கான புது டிரைவர்களை என்விடியா 2021-லேயே நிறுத்திவிட்டது.

2017-இல் வந்த இன்டெல் 7-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் கோர் சிப்புக்குள்ளேயே ஹெச்இவிசி, விபி9 இரண்டும் உண்டு. யூடியூபின் 4கே வீடியோக்கள் விபி9 அல்லது ஏவி1-இல்தான் வருகின்றன. ஆக, அந்த கம்ப்யூட்டரில் ஜிடி 710-ஐச் சொருகி, மானிட்டரையும் அதிலேயே மாட்டினால், இருந்த வசதியையும் காசு கொடுத்து இழந்த கதைதான்.

கொஞ்சம் புதிய பாஸ்கல் கார்டுகளின் நிலையும் கவனிக்க வேண்டியது. ஜிடி 1030, ஜிடிஎக்ஸ் 1050 போன்றவை இதில் வரும். இவற்றுக்கான முழு டிரைவர் ஆதரவு 2025 அக்டோபரோடு முடிகிறது, அதன் பிறகு 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான் என்று என்விடியா அறிவித்தது. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சிப் சரி, படம் ஏன் இன்னும் சரியில்லை?

பல வீடுகளில் தப்பு நடப்பது கேபிளில். ஹெச்டிஎம்ஐ 1.4-இல் 4கே என்றால் 30 ஹெர்ட்ஸ். ஹெச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 இருந்தால்தான் 60 ஹெர்ட்ஸ். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரைப் புதுப்பித்து விற்பதை வாங்குகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். இன்டெல் 8-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பலவற்றில் ஹெச்டிஎம்ஐ போர்ட் 1.4 வகை. அதே பெட்டியின் பின்னால் டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால், அதில் கேபிள் மாட்டினாலே 4கே 60 ஹெர்ட்ஸ் வந்துவிடும். ஒரு கேபிள் செலவில் முடிகிற வேலைக்குக் கார்டு எதற்கு?

எந்த துளையில் மாட்டுகிறோம் என்பதும் முக்கியம். கார்டு இருக்கிற கம்ப்யூட்டரில் கேபிளை மதர்போர்டில் சொருகிவிட்டு, "கார்டு வேலை செய்யலை" என்று தவிப்பவர்கள் உண்டு.

திரையின் அளவும் கணக்கில் வரும். 32 இன்ச்சில் ஃபுல் ஹெச்டி என்றால் ஒரு இன்ச்சுக்கு சுமார் 69 புள்ளி. எழுத்தின் ஓரம் கரடுமுரடாகத் தெரியும். அதே அளவில் 4கே என்றால் 138 புள்ளி. "படம் மங்கலா இருக்கு" என்பதற்குக் காரணம் மானிட்டராகவே இருக்கலாம். கார்டு மாற்றினால் அது சரியாகாது.

சந்தா கட்டியும் 4கே வரவில்லையே, ஏன்?

இது பூட்டு சம்பந்தப்பட்டது. கட்டணப் படங்களைத் திருட்டு நகல் எடுப்பதைத் தடுக்க, சிப்பில் இருந்து மானிட்டர் வரை ஹெச்டிசிபி 2.2 என்ற பாதுகாப்பு முறை வேண்டும். வழியில் ஒரு இடத்தில் அது இல்லையென்றாலும் தரம் தானாக இறங்கிவிடும். இரண்டு மானிட்டர் மாட்டியிருந்தால் இரண்டிலும் அது இருக்க வேண்டும் என்பது நெட்ஃபிளிக்ஸின் நிபந்தனை. பிரவுசரும் முக்கியம். விண்டோஸில் நெட்ஃபிளிக்ஸ் 4கே வேண்டுமானால் எட்ஜ் பிரவுசரோ அதன் ஆப்போ வேண்டும். குரோமில் அதிகபட்சம் ஃபுல் ஹெச்டிதான். அதோடு பிரீமியம் திட்டமும் எடுத்திருக்க வேண்டும். எத்தனை லட்சத்துக்கு கார்டு வாங்கினாலும் இந்த விதி மாறாது.

சிப்பில் இருக்கும் வசதியை கம்பெனியே அணைக்குமா?

அணைத்திருக்கிறது. ஹெச்பி, டெல் நிறுவனங்கள் தங்கள் பிசினஸ் லேப்டாப்கள் சிலவற்றில் ஹெச்இவிசி டீகோடரை முடக்கியிருந்தது 2025 நவம்பரில் பெரிய செய்தியானது. உள்ளே இருக்கும் இன்டெல், ஏஎம்டி சிப்களில் வசதி இருக்கிறது. லேப்டாப்பில் வேலை செய்யாது. 600 வரிசை ஜி11, 400 வரிசை ஜி11, 200 வரிசை ஜி9 ஆகியவற்றில் முடக்கியிருப்பதாக ஹெச்பி சொன்னது. தனி கிராபிக்ஸ் கார்டு, 4கே திரை போன்றவை உள்ள விலை உயர்ந்த மாடல்களில் ஹெச்இவிசி கிடைக்கும் என்றது டெல்.

காரணம் என்ன? இரு நிறுவனங்களும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் ஹெச்இவிசிக்கு ஒவ்வொரு கருவிக்கும் காப்புரிமைக் கட்டணம் உண்டு. 2026 ஜனவரி முதல் அது அமெரிக்காவில் 20 சென்ட்டிலிருந்து 24 சென்ட்டாக உயர்கிறது என்ற அறிவிப்பும் அதே சமயத்தில் வந்தது. ஒரு லேப்டாப்புக்கு இருபது ரூபாய் சொச்சம்தான். லட்சக்கணக்கில் விற்கும் கம்பெனிக்கு அது பெரிய தொகை.

இங்கே இழப்பு வாங்குகிறவருக்கு. ஐபோனிலும் பல ஆண்ட்ராய்டு போன்களிலும் எடுக்கும் வீடியோ ஹெச்இவிசியில் பதிவாவது சகஜம். ஏவி1, விபி9 இரண்டும் இப்படிக் கட்டணம் வாங்காத முறையாக உருவாக்கப்பட்டவை. பெரிய தளங்கள் ஏவி1 பக்கம் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. 2026 ஜனவரி 5-ஆம் தேதி தமிழ்நாடு அரசு தொடங்கிய 'உலகம் உங்கள் கையில்' திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்குத் தரப்படும் லேப்டாப்களில் இன்டெல் ஐ3 அல்லது ஏஎம்டி ரைசன் 3 சிப் இருக்கிறது. தனி கார்டு இல்லை. அதைப் பெரிய மானிட்டரில் மாட்டி வகுப்பு பார்க்க முடியுமா என்று சந்தேகப்படத் தேவையில்லை, நேரடியாகச் சோதித்துவிடலாம்.

சோதிப்பது எப்படி? யூடியூபில் ஒரு 4கே வீடியோவை ஓடவிட்டு, அதன் மேல் ரைட் கிளிக் செய்து 'ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் திறக்க வேண்டும். எந்த கோடெக் ஓடுகிறது, எத்தனை ஃப்ரேம் விடுபட்டது என்று அதிலேயே இருக்கும். அப்படியே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ஜிபியு பக்கத்தில் 'வீடியோ டீகோட்' அல்லது 'வீடியோ கோடெக்' கோடு ஏறினால் டீகோடர் வேலை செய்கிறது. அது படுத்திருந்து, சிபியு மட்டும் எகிறினால் வேலை செய்யவில்லை. போனில் எடுத்த வீடியோவையும் இதேபோல ஓட்டிப் பார்க்கலாம்.

அப்படியானால் கார்டு யாருக்குத்தான் வேண்டும்?

விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 3டி டிசைன் வரைகிற வேலை செய்பவர்களுக்கு வேண்டும். சொந்தக் கம்ப்யூட்டரில் ஏஐ மாடல் ஓட்டிப் பார்க்கிற மாணவர்களுக்கும் வேண்டும். பெயர் முடிவில் 'எஃப்' என்று இருக்கும் இன்டெல் சிப்கள், ரைசன் 5 5600 போன்றவற்றில் கிராபிக்ஸே கிடையாது. அவற்றுக்கு ஏதாவது ஒரு கார்டு இல்லாமல் திரையில் எதுவுமே தெரியாது. மலிவாகக் கிடைக்கிறது என்று அந்தச் சிப்பை எடுத்துவிட்டு, பிறகு கார்டுக்கு அழுவதைவிட, கிராபிக்ஸ் உள்ள சிப்பை எடுப்பதே லாபம்.

கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள் கதை தனி. இப்போதைய கேமராக்கள் பலவும் 10-பிட் 4:2:2 என்ற முறையில் பதிவு செய்கின்றன. ஹெச்இவிசியில் அதை விரிக்கும் டீகோடர் இன்டெல்லின் உள் கிராபிக்ஸில் 11-ஆம் தலைமுறை காலத்திலிருந்தே இருக்கிறது. என்விடியாவில் 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. விலை உச்சத்தில் இருந்த ஆர்டிஎக்ஸ் 4090-இல் கூட அது இல்லை. பூந்தமல்லியில் சின்ன ஸ்டூடியோ வைத்திருப்பவர், கார்டுக்குக் கொட்டுவதற்கு முன் தன் கேமரா எந்த முறையில் பதிவு செய்கிறது என்று பார்த்தால் போதும், பெரிய பணம் மிச்சமாகலாம்.

வீடியோ பார்ப்பவர்களுக்கு கார்டால் ஒரு நன்மை உண்டு. தரம் குறைந்த பழைய வீடியோவை ஏஐ மூலம் கூர்மையாக்கி பெரிய திரையில் காட்டும் வசதியை, என்விடியா 2023-இல் ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்குக் கொண்டுவந்தது. ஏஎம்டி, இன்டெல்லும் தங்கள் வழியில் இதைச் செய்கின்றன. பழைய பாட்டு, பழைய படம் நிறையப் பார்ப்பவருக்குக் கொஞ்சம் வித்தியாசம் தெரியும். ஆனால் கரண்ட் கூடுதலாகப் போகும். இதற்காக மட்டும் கார்டு வாங்குவது, மழைக்கால இலைக்கு மாடியில் கூரை போடுகிற மாதிரி.

இதில் இன்னொரு திருப்பம். 2025 செப்டம்பர் 18-ஆம் தேதி, இன்டெல்லில் 500 கோடி டாலர் முதலீடு செய்வதாக என்விடியா அறிவித்தது. என்விடியா கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் இன்டெல் சிப்களை உருவாக்குவதும் அந்த ஒப்பந்தத்தில் உண்டு. தனி கார்டில் 90 சதவீதம் வைத்திருக்கும் கம்பெனியே, பிராசசருக்குள் இடம் தேடுகிறது என்றால், சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டர் எந்தப் பக்கம் போகிறது என்பது புரிகிறது.

வாங்கும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. சிப்பின் முழுப் பெயர் என்ன? "ஐ5", "ரைசன் 5" என்பது போதாது. கடைசி எண், எழுத்து வரை கொட்டேஷனில் எழுதித் தரச் சொல்ல வேண்டும்.

2. ஹெச்இவிசி, விபி9, ஏவி1 மூன்றுக்கும் டீகோடர் உண்டா? வேலை செய்கிறதா, அல்லது முடக்கப்பட்டிருக்கிறதா?

3. ஹெச்டிஎம்ஐ போர்ட் 2.0-ஆ, 1.4-ஆ? டிஸ்ப்ளேபோர்ட் இருக்கிறதா?

4. மானிட்டரில் ஹெச்டிசிபி 2.2 உண்டா?

5. கார்டு எதற்கு என்று கடைக்காரரிடம் காரணம் கேட்டால், "வீடியோவுக்கு" என்பதைத் தாண்டி வேறு பதில் வருகிறதா?

ஐந்தாவது கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால், அந்த வரியை கொட்டேஷனில் இருந்து அடித்துவிடலாம். அந்தக் காசுக்கு கொஞ்சம் நல்ல மானிட்டர், போதுமான ரேம், ஒரு சரியான கேபிள் வாங்கினால், கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் கிடைக்கும். கார்டு பிறகு தேவைப்பட்டால், டெஸ்க்டாப்பில் எப்போது வேண்டுமானாலும் சொருகிக்கொள்ளலாம்.